யார் படுத்தால் வீடு நிற்காது

அவசரமில்லை, வெளியே உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள், நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள் அந்த டாக்டரம்மா. சாந்தாமணி வெளியே வந்து இரும்பு நாற்காலி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். யோசி என்று சொல்லி இதுவரை அவளை யாரும் தனியாக உட்கார வைத்ததில்லை. யோசனை என்பது கையில் வேலை இருக்கும்போது கூடவே வருவது. பூண்டு உரிக்கையில் வரும், துணி அலசுகையில் வரும், மாமியார் காலுக்கு எண்ணெய் தேய்க்கையில் வரும். சும்மா உட்கார்ந்தால் எந்த முனையைப் பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மடியில் இருந்த பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தாள், துண்டை மறுபடி மடித்தாள், மூடினாள். எதிரே சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது, யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டே வாணலியில் எதையோ புரட்டினாள், அடுப்பைக் குறைக்கணும் இல்லையென்றால் அடி பிடிக்கும் என்று சாந்தாமணிக்குத் தோன்றியது, பினாயில் வாசம் அடித்தது. அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு மாடியில் டயாலிசிஸ் மிஷினோடு படுத்திருந்தார். கூட வந்த கொழுந்தனார் நாச்சிமுத்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று எதிர் மெஸ்ஸுக்குப் போயிருந்தார். விடியும் முன்னே கரூரில் பஸ் ஏறி கோயமுத்தூர் வந்தது இந்தக் கதவுக்குள் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்காக. சம்மதங்க. அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது நாச்சிமுத்து அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார், அண்ணி, தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க, பயப்படாதீங்க, சும்மா சட்டத்துக்காகக் கேக்கறதுதான், சம்மதம்னு சொன்னாப் போதும். அவளும் அதைத்தான் சொல்ல நினைத்தாள். கிட்னி கொடுக்கச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தினார்களா என்று டாக்டரம்மா கேட்டபோது வாயில் வேறு ஒன்று வந்துவிட்டது. யாரும் வற்புறுத்தலைங்க, யாரும் கேக்கவும் இல்லைங்க என்று சொல்லிவிட்டாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

பேனாவை மூடியதுமே தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. மாற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள். உங்களுக்கு இஷ்டம் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், உங்கள் உடம்பு இதற்கு ஒத்து வராது என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடுவோம், நிஜக் காரணம் உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அப்படியும் ஒரு வழி இருக்கிறதா. கதவு இருப்பதே தெரியாத சுவரில் யாரோ கதவைத் திறந்து காட்டிய மாதிரி இருந்தது. திறந்ததும் உள்ளே இருந்து வந்தது காற்றல்ல, பயம். அதுவரை பயம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தபோது இல்லை, குப்பி குப்பியாக ரத்தம் எடுத்தபோது இல்லை. வேறு வழியில்லை என்று இருந்தவரைக்கும் பயப்படவும் வேலையில்லை என்று இருந்திருக்கிறது போல. இப்போது பையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரம்மா திரும்பி, உங்களுக்கா, வீட்டுக்காரருக்கா என்றாள். வீட்டுக்காரருக்குங்க என்றாள் சாந்தாமணி. எனக்குப் பையனுக்குங்க, நான்தான் தர்றேன், பொள்ளாச்சிப் பக்கமுங்க, அவங்கப்பா தர்றேன்னுதான் சொன்னாரு, தோப்பை யாரு பாக்கறது, நான்தான் வேண்டாம்னுட்டேன். சொல்லிவிட்டு அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள், பெருமையா துக்கமா என்று பிரிக்க முடியாத முகம். அவளுக்கு அடுத்து ஒரு பெண், அதற்கடுத்து ஒரு பெண், கடைசியில் வயசான அம்மா ஒருத்தி துண்டில் கட்டிய முறுக்கைச் சத்தம் வராமல் கடித்துக்கொண்டிருந்தாள். மாடியில் மிஷினோடு படுத்திருந்த முகங்களை நினைத்துப் பார்த்தாள் சாந்தாமணி. காலையில் அவரை விட்டுவிட்டு வரும்போது பார்த்தவை, மீசை, நரைத்த மீசை, மீசை முளைக்காத பையன், மீசை. கீழே நாற்காலியில் பூராவும் வளையல். இதை யாரிடமாவது சொல்லலாம் போல இருந்தது. யாரிடம் சொல்வது. சொன்னால்தான் என்ன.

வீட்டில் பேசி முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் மாமியார் கட்டிலில், அவர் சாய்வு நாற்காலியில், நாச்சிமுத்து கீழே பாயில், நாச்சிமுத்துவின் பொண்டாட்டி தாரணி கதவோரத்தில் சின்னதை மடியில் போட்டுக்கொண்டு. சாந்தாமணி அடுப்படியில் டீக்குப் பால் வைத்திருந்தாள். பால் பொங்கும் சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. எனக்கு வயசாயிருச்சு சாமி, இல்லீன்னா எம்மவனுக்கு நாந் தரமாட்டனா என்று மாமியார் அழுதாள், அழுகை நிஜமான அழுகைதான். அம்மாவை டாக்டர் வேண்டான்னுட்டாரே என்று நாச்சிமுத்து. அப்புறம் பட்டறைப் பேச்சு வந்தது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை, அவர் படுத்த பிறகு நாச்சிமுத்து ஒருவரே ஓட்டுகிறார், அவரும் மூன்று மாதம் படுத்தால் வெல்டிங்காரன் போவான், பெயின்டுக்காரன் போவான், ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போகும், வீட்டில் அத்தனை பேரும் அந்தப் பட்டறையை நம்பித்தானே. அதையும் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அடுத்துத் தாரணி, அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், கைக்குழந்தைக்காரி, அதோடு தம்பி பொண்டாட்டி அண்ணனுக்குத் தருவது முறையும் இல்லை. அப்புறம் என்ன சொன்னார்கள் என்பதுதான் சாந்தாமணிக்கு இன்றைக்கும் பிடிபடாதது. அவள் பெயரை யாரும் சொன்னதாகக் காதில் விழவே இல்லை. அவங்க வீட்லதானே இருக்காங்க என்று ஒரு குரல் வந்தது, தாரணியா நாச்சிமுத்தா, தெரியவில்லை, பால் பொங்கிவிட்டது, துணியால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். டீயைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனபோது பேச்சு முடிந்திருந்தது. மாமியார் டம்ளரை வாங்கிக்கொண்டு, நீ உக்காரு சாமி என்று கட்டிலில் இடம் விட்டாள். அந்தக் கட்டிலில் மாமியார் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது கிடையாது. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து கறி எடுத்தால் ஈரல் அவள் தட்டுக்கு வந்தது. முட்டை வந்தது. மாமியார் தன் கையால் மாதுளம்பழம் உரித்து முத்துக்களைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள், தாரணி வந்து, அக்கா நீங்க குனியாதீங்க நான் கூட்டறேன் என்று விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். இதில் வெட்கம் என்னவென்றால் அது அவளுக்குப் பிடித்திருந்தது. சூடாக இருக்கும்போதே சாப்பிடுவது பிடித்திருந்தது, முதல் பந்தியில் உட்காருவது பிடித்திருந்தது. ஈரலைக் கடித்துக்கொண்டே ஒருநாள் நினைத்தாள், இத்தனை வருசம் இது வீட்டில் இருந்திருக்கிறது, எனக்கு வராமல் இருந்திருக்கிறது. அந்த நினைப்பையும் சேர்த்துத் தண்ணீர் குடித்து இறக்கினாள். இந்த உடம்பு பாதிக்கு மேல் அந்த ஈரலும் மாதுளையும்தான், இப்போது கொடுக்கமாட்டேன் என்றால் அதையெல்லாம் என்ன செய்வது, தின்றதைத் திருப்பித் தர முடியுமா.

உடம்பு. இந்த உடம்பை ஒருதரம் ஏற்கனவே திறந்திருக்கிறார்கள். மகள் மிருதுளா பிறந்து அடுத்ததும் வயிற்றில் தங்காமல் போன பிறகு, இனிமேல் குழந்தை வேண்டாம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று முடிவானது. ஆம்பளைங்களுக்குப் பண்றது ரொம்ப லேசுங்க, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சு சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரித்தார், மாமியார் சிரிக்கவில்லை. பாரம் தூக்கற ஒடம்பு, தகரத்தைத் தூக்கி நெஞ்சுல முட்டுக் குடுக்கறவன், அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா வேலைக்கு யாரு போறது. சாந்தாமணிதான் போய்ப் படுத்தாள். தையல் பிரிக்கும் முன்னேயே தண்ணீர்க் குடம் தூக்கினாள், அவள் தூக்குவது பாரம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, அதுதான் வினோதம். அப்புறம் வேலை. அவளுக்கும் ஒரு வேலை இருந்தது, ஏற்றுமதிக்குப் போகும் படுக்கை விரிப்பில் பழுது பார்க்கும் வேலை, செக்கிங். விளக்கு வெளிச்சத்தில் துணியை இழுத்துப் போட்டு ஓடவிடுவார்கள், இழை அறுந்த இடம், சாயம் தப்பிய இடம் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தச் செக்‌ஷனுக்கே மேற்பார்வையாகப் போட்டிருந்தார்கள், பத்துப் பதினைந்து பெண்கள் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்வார்கள். மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, ஆறு மாசத்துக்குத்தான் சாந்தா, அம்மா நடந்துட்டாங்கன்னா நீ போயிரலாம் என்றார் அவர். தாரணியின் பள்ளிக்கூடத்தில் அத்தனை நாள் லீவு கிடைக்காது. மாமியார் நடந்துவிட்டாள். ஆனால் அடுப்படி சாந்தாமணியை விடவில்லை, எல்லோருக்கும் நேரத்துக்குச் சோறு கிடைத்துப் பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் எதையாவது விட வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தால் எளிதில் விடக்கூடியது அவளுடையதாகவே இருந்தது. முதல் தடவை விட்டதால் இரண்டாம் தடவை இன்னும் எளிதாக இருந்தது. வேலையை விட்டதால்தானே அவங்க வீட்லதானே இருக்காங்க என்று ஆனது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தாவுக்கும் லீவு கிடைக்காதே என்று யாராவது சொல்லியிருப்பார்களா. சொல்லியிருப்பார்கள். இல்லை, சொல்லியிருக்க மாட்டார்கள். நினைப்பு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் வராமல் ஆடியது.

அவர் கெட்டவர் இல்லை. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் மனசுக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டாள். அவளுக்கு மஞ்சக்காமாலை வந்து கிடந்தபோது மிருதுளாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவர். தகரம் வெட்டித் தடித்த விரலால் பின்னிய ஜடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், குழந்தை அதோடேயே சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனது. பஸ்ஸில் போனால் கண்ணாடிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, இது நம்ம பட்டறையில கட்டுனது, கேளு, ஆட்டமே இல்ல என்பார். இன்று காலை வந்த பஸ்ஸில் எதையும் தட்டவில்லை. அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார், வாயிலிருந்து அந்த வியாதியின் வாசம் வந்தது, துருப்பிடித்த இரும்பு மாதிரி. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் அவள் கையோடு உரசிக்கொண்டு உறுமியது. எஞ்சின் ஓடுது பாரு என்று முதலில் அதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தவர். அந்த மனுசன் இன்னும் பத்து வருசம் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லாமலா. ஆனால் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை, அன்று இரவு விளக்கை அணைத்த பிறகும் கேட்கவில்லை, ஸ்கேனுக்குக் கூட்டி வந்தபோது கேட்கவில்லை. சாந்தா, தருவியா. இல்லை, சாந்தா, நீ தர வேண்டாம். இரண்டில் எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் இந்நேரம் அந்தக் கதவுக்குள் சம்மதங்க என்று சொல்லியிருப்பாள். கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருக்கும். உயிருக்குப் பயந்துகொண்டு இருக்கிறவனுக்குக் கூச்சம் வேறா. அல்லது கேட்டால் இவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாரா. அதுவென்றால் நல்லது, அதுவென்றால் மாட்டேன் என்று சொல்லக்கூடியவள் ஒருத்தி பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மயக்க ஊசி போட்டு விழிக்காமலே போனவர்கள் உண்டா என்று டாக்டரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது நினைவு வந்தது. ஒரு பக்கம் இல்லாமல் மறு பக்கம் எத்தனை நாளைக்கு. ஒன்றே போதும் என்கிறார்கள், ஒன்றே போதும் என்றால் கடவுள் எதற்கு இரண்டு வைத்தான், அந்த ஒன்றும் நாளைக்குக் கெட்டுப்போனால்.

கெட்டுப்போனால் எனக்கு யார் தருவார்கள். இதை அவள் நினைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, தானாக வந்தது, வந்த பிறகு விடவில்லை. கூடத்தில் அதே பாய், அதே கட்டில், அதே ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் மட்டும் யாரும் இல்லை, ஏனென்றால் அவள்தான் நோயாளி. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாச்சிமுத்துவுக்குப் பட்டறை. தாரணிக்குக் குழந்தை. அவருக்கு இவள் கொடுத்த ஒன்றுதான் இருக்கும், அதைத் திருப்பிக் கேட்க முடியாது. அவள் கூடப்பிறந்தவன் மங்களூர்ப் பக்கம் போனவன், பொங்கலுக்குப் போன் போடுவதோடு சரி. எல்லா முகமும் நல்ல முகம், எல்லாம் அழும், எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. மிருதுளா தருவாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே, அம்மா என்னோடதை எடுத்துக்கச் சொல்லும்மா என்று முன்னால் வந்து நிற்பாள். அவள் அப்படித்தான். ஆவணியில் பதினெட்டு முடிகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் எங்கோ ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. டிவியில் இல்லை. வீட்டில், போன மாதம், சாயங்காலம். நாச்சிமுத்து மிக்சர் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, ஏங்கண்ணு மிருதுளா, நீ என்ன குரூப்பு என்றார். அவள் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டே, கணக்கு பயாலஜி சித்தப்பா, இது கூடத் தெரியாதா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், சாந்தாமணியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டேதான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அட அது இல்ல கண்ணு, ரத்தம். ஓ பாசிட்டிவ் சித்தப்பா. மாமியார் கட்டிலில் இருந்து, அப்படீன்னா என்ன அர்த்தம் என்று கேட்டாள். எல்லாருக்கும் பொருந்தும்மா என்றார் நாச்சிமுத்து. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றவளுக்கு அன்றைக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியது. டாக்டரம்மா திறந்து காட்டிய கதவு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. சாந்தாமணி உடம்பு ஒத்து வராது என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அப்புறம் சுற்றிப் பார்ப்பார்கள். பட்டறை ஓட்டாத உடம்பு, கைக்குழந்தை இல்லாத உடம்பு, காலேஜ் ஒரு வருசம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகிவிடாத உடம்பு. அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீ உக்காரு சாமி என்று கட்டிலில் இடம் விடுவார்கள்.

"சாந்தாமணி" என்று கதவு திறந்தது.

உள்ளே போனதும் உட்காராமலே கேட்டாள். "எனக்கு ஒத்து வராதுன்னு நீங்க எழுதிட்டா, அடுத்து யாரைக் கூட்டீட்டு வரச் சொல்லுவீங்க?"

"அது உங்க குடும்பம் முடிவு பண்றது. ரத்த சொந்தம் யாரா இருந்தாலும் பார்க்கலாம். பதினெட்டு முடிஞ்சிருக்கணும்."

"பதினெட்டு முடிஞ்ச பொண்ணு?"

டாக்டரம்மா அவளையே பார்த்தாள். "அவ்வளவு சின்ன வயசுன்னா நாங்க ரொம்ப யோசிப்போம். ஆனா சட்டம் கூடாதுன்னு சொல்லாது. ஏன் கேக்கறீங்க?"

"அப்ப பொய் எழுத வேண்டாமுங்க. எங்க கொழுந்தனாரை உள்ள கூப்பிடுங்க."

நாச்சிமுத்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல உயரம், அண்ணனை விட அகலமான தோள். அவரை உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மிருதுளாகிட்ட என்ன ரத்தம்னு எதுக்குக் கேட்டீங்க தம்பி?" என்றாள் சாந்தாமணி.

"எப்பங்க அண்ணி?"

"மிக்சர் வாங்கீட்டு வந்தீங்களே, அன்னைக்கு."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "அது சும்மாங்க. அம்மாதான்... ஒருவேளை உங்களுக்குச் சேராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு..."

"உங்களுக்கு என்ன ரத்தமுங்க?"

"எனக்கா? பட்டறையை விட்டுட்டு நான் எப்படிங்க அண்ணி..."

"பட்டறையை நான் பாத்துக்கறேன். பதினஞ்சு பொம்பளைங்களை வெச்சு வேலை வாங்குனவதான் நான். நீங்க படுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. முகம் வெளுத்து, பெரிய கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"எனக்குப் பயமுங்க அண்ணி" என்றார். "அந்த ரூமை நெனைச்சாலே கை காலெல்லாம் சில்லுனு ஆயிருது. அண்ணனுக்காக எதையும் செய்யலாம்னுதான் இருக்கு. ஆனா முடியலீங்க."

பட்டறை பட்டறை என்று அத்தனை நாள் சொன்னதற்கு அடியில் இது கிடந்திருக்கிறது. அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பாவமாகக்கூட இருந்தது.

"எனக்கும் பயந்தானுங்க தம்பி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்க சொல்லவே இல்லீங்களே அண்ணி."

சொல்லவில்லைதான்.

"நான் என்ன எழுதட்டும்?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரைப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க."

லிப்டுக்குக் கூட்டமாக இருந்தது, படியேறினாள். ஏறும்போது மனசுக்குள் எதையும் கோர்க்க முடியவில்லை, கைப்பிடி ஈரமாக இருந்தது, யாரோ துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இரண்டாவது மாடியில் பிறந்த குழந்தையோ என்னவோ வீறிட்டது. டயாலிசிஸ் அறையில் குளிர் முகத்தில் அடித்தது. வரிசையாகக் கட்டில்கள், பக்கத்தில் மிஷின்கள், ரத்தத்தைத் தள்ளும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழாய் அவள் மணிக்கட்டில் பட்டது, வெதுவெதுவென்று இருந்தது.

"முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?" என்றார்.

"தம்பிக்கும் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமான்னு பேச்சு வந்துச்சுங்க."

அவர் தலையைத் தலையணையிலிருந்து தூக்கினார். இத்தனை மாதத்தில் அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. "அவனையா? அவனை எதுக்கு இழுக்கறே சாந்தா? அவனுக்கு ரெண்டும் சின்னக் கொழந்தைங்க. பட்டறை என்னாகறது? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மா உயிரோட இருக்குமா?"

ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தடுமாறாமல் சொன்னார். எல்லாவற்றையும் ஏற்கனவே எடுத்து வைத்துப் பார்த்துவிட்டவர் சொல்கிற மாதிரி இருந்தது.

"எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கீங்க."

"யோசிக்காம? இதுல படுத்துக்கிட்டு வேற என்ன வேலை எனக்கு?"

"என்னைய யோசிச்சீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது. குழாய் இல்லாத கையால் அவள் கையைத் தேடிப் பிடித்தார். "நீ வேற நான் வேறயா சாந்தா?" என்றார்.

பொய்யாகச் சொல்லவில்லை. அந்தக் குரலில் துளிப் பொய் கிடையாது. கல்யாணமான புதிதில் இதே வார்த்தையை அவர் சொல்லி அவள் உருகிப் போயிருக்கிறாள், குழந்தை தங்காமல் போன ஆஸ்பத்திரியில் சொல்லி அழுகை நின்றிருக்கிறது, வேலையை விடச் சொன்ன அன்றைக்கும் சொல்லியிருப்பார், நினைவில்லை. தம்பி வேறு. அம்மா வேறு. அவர்களுக்கு ஒன்று ஆனால் என்று தனித்தனியாக யோசிக்க முடிகிறது. இவளை மட்டும் அப்படி யோசிக்க முடியவில்லை, ஏனென்றால் இவள் அவரேதான். தன் வலது கையிடம் போய் இடது கை சம்மதம் கேட்குமா. அத்தனை பிரியத்தில் நிற்பதற்கு அவளுக்கு ஒரு சாண் இடம் இல்லை. கையை உருவிக்கொள்ளவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

"வேறதானுங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "என்னது?"

"நான் வேறதானுங்க. நான் தர்றதா இல்ல. ஒத்து வரலைன்னு பொய் சொல்லீருப்பாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன். மிருதுளாகிட்டயும் யாரும் கேக்கக்கூடாது. அவளாத் தர்றேன்னு வந்தாலும் நான் விடமாட்டேன். ஆஸ்பத்திரியில பேரைப் பதிஞ்சு வெச்சுக் காத்திருக்கறவங்க இருக்காங்க, நாமளும் காத்திருக்கலாம்."

பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். குழந்தைவேலு ஏதாவது சொல்வார், திட்டுவார், கெஞ்சுவார் என்று காத்திருந்தாள். இப்போதாவது கேட்பார், வாயைத் திறந்து சாந்தா எனக்குக் கொடு என்று கேட்பார், கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது, கேட்டுவிடக் கூடாதே என்றும் கேட்க மாட்டாரா என்றும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டது. அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். மேலே பார்த்துக்கொண்டு படுத்தார். கண்ணோரத்தில் நீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. அவளும் துடைத்துவிடவில்லை. துடைக்கப் போன கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அது அவளுக்குக் கிட்னியை மறுத்ததை விடக் கஷ்டமாக இருந்தது.

மிஷின் ஒரு தரம் கத்தியது. நர்சு வந்து ஏதோ பொத்தானை அழுத்தி, ரத்த அழுத்தம் பார்த்து, இன்னும் நேரம் இருக்குங்கய்யா என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே போயிருக்கிற ரத்தம் பூராவும் உள்ளே திரும்பி வரும்வரை ஊசியை எடுக்க முடியாது. யாரும் எழுந்து போக முடியாது. கீழே டாக்டரம்மா காத்துக்கொண்டிருப்பாள், போய்ச் சொல்ல வேண்டும். நாச்சிமுத்து இந்நேரம் வீட்டுக்குப் போன் போட்டிருப்பார். இனி அந்த வீட்டில் எந்தத் தட்டில் என்ன விழும், தாரணி முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள், ராத்திரி படுத்தால் பக்கத்தில் இந்த மூச்சு, இந்த வாசம், வாரத்துக்கு மூன்று தரம் இதே பஸ், இதே ஸ்டூல். இவர் செத்துப்போனால். அந்த நினைப்பு வந்து எதிரில் நின்றது, அவள் அதை விரட்டவில்லை, அதுவும் உட்காரட்டும் என்று விட்டாள். இனி ஆயுசுக்கும் அது கூடவே வரும்.

வெகுநேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தம்பி இனி நம்ம கூட வரமாட்டான்" என்றார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னால நடக்க முடியாது."

"நான் கூட்டீட்டுப் போறனுங்க" என்றாள் சாந்தாமணி.

மிஷினில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.